மேட்டிலிருந்து இறங்கிய மேய்ப்பர்



பதுளையிலிருந்து பசறை வழியாக லுணுகலைக்கோ, ஹாலிஎல, தெமோதரை வழியாகப் பண்டாரவளைக்கோ நீங்கள் பயணம் செய்திருந்தால், வழிநெடுக ஒரே அமைப்பைக் கண்டிருப்பீர்கள். மலையின் மேட்டிலே, நாற்புறமும் தேயிலை நிரைகளைப் பார்த்தபடி துரையின் பங்களா. அதற்குக் கீழே உத்தியோகத்தர் விடுதிகள். இன்னும் கீழே, பள்ளத்தில், ஒன்றோடொன்று ஒட்டிய லயக் காம்பராக்கள். அதிகாரம் குடியிருக்கும் இடம் உயரம், உழைப்பு குடியிருக்கும் இடம் தாழ்வு என்று அந்த மலைகளின் வரைபடமே பாடம் சொல்லிக்கொண்டிருக்கும்.

கோப்பிக் காலத்தில் தொடங்கிய இந்தப் பாடம், தேயிலைக் காலத்தில் நன்றாக வேரூன்றிவிட்டது. தலைவர் எனப்படுபவர் மேலே இருப்பவர். அவர் அழைத்தால் நாம் ஏறிப்போக வேண்டும். அவர் இறங்கி வருவதென்றால் கணக்குக் கேட்பதற்காகவே இருக்கும். இவ்வாறுதான் தலைமுறை தலைமுறையாக நம் மக்கள் தலைமையைக் கண்டார்கள். திருச்சபைக்குள்ளும் இந்த எண்ணம் நுழையாமல் இருக்கவில்லை.

இத்தகைய மண்ணிலே, மேட்டிலிருந்து பள்ளத்தை நோக்கி நடந்த ஒரு தலைவரைப் பற்றி இன்று உங்களோடு சிந்திக்க விரும்புகின்றோம். அவர் பதுளை மறைமாவட்டத்தின் முதல் ஆயரான லியோ நாணயக்கார ஆண்டகை ஆவார். அவர் இறைவனடி சேர்ந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. இன்றைய இளையோரில் பலருக்கு அவருடைய பெயர் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆயினும், ஊவாவின் கிறிஸ்தவ வரலாற்றை எழுதுகிறவர் எவரும் அவரைக் கடந்து செல்ல முடியாது.

லியோ நாணயக்கார, புனித ஆசீர்வாதப்பர் சபையின் சில்வெஸ்திரின் கிளையைச் சேர்ந்த துறவி. பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே கண்டிப் பகுதியில் பணியாற்றிவந்த சபை அது. 1959ஆம் ஆண்டில் அவர் கண்டி மறைமாவட்டத்தின் ஆயராக நியமிக்கப்பட்டார். அக்காலத்தில் ஊவாவும் கண்டி மறைமாவட்டத்தின் ஒரு பகுதியாகவே இருந்தது. மத்திய மலைநாடும், பதுளையும், மொனராகலைக் காடுகளும் அவருடைய ஒரே கோலின் கீழ் இருந்தன.

கண்டி ஆயரின் இருக்கை எத்தகைய பெருமைக்குரியது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மலைநாட்டின் பழைய தலைநகர் அது. புனித அந்தோனியார் பேராலயம், பெயர்பெற்ற கத்தோலிக்கப் பாடசாலைகள், அண்மையில் அம்பிட்டியவில் நாடு முழுவதற்குமான குருமடம் எனச் சகலமும் ஊன்றி நின்ற இடம். அங்கே ஒருவர் ஆயராக இருந்து, விழாக்களுக்குத் தலைமை தாங்கி, கட்டடங்களைத் திறந்துவைத்து, மதிப்போடு வாழ்ந்து மறைந்திருக்கலாம். எவரும் குறைசொல்லியிருக்க மாட்டார்கள்.

ஆனால் அவர் ஆயரான மூன்றாம் ஆண்டில், 1962இல், இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் உரோமையில் தொடங்கியது. திருச்சபை தன்னைத்தானே கண்ணாடியில் பார்த்துக்கொண்ட காலம் அது. நான் யார், யாருக்காக இருக்கிறேன், இவ்வுலகத்து ஏழைகளின் துயரம் எனக்கு என்ன உறவு என்று திருச்சபை தன்னையே கேட்டுக்கொண்டது. 1965இல் சங்கம் நிறைவுற்றது. பல இடங்களில் அந்தக் கேள்விகள் ஏடுகளில் அச்சாகி அலுமாரிகளில் அடங்கிப்போயின. கண்டி ஆயரோ அவற்றைத் தம் சொந்த வாழ்க்கைக்கு இடப்பட்ட கேள்விகளாக எடுத்துக்கொண்டார்.

பின்னர் 1971 வந்தது. அவ்வாண்டு ஏப்ரல் 5ஆம் திகதி ஊவாவின் வெல்லவாய பொலிஸ் நிலையம் தாக்கப்பட்டதோடு, தென்னிலங்கை இளைஞரின் கிளர்ச்சி வெடித்தது. படித்தும் வேலையற்றிருந்த, கிராமங்களில் நம்பிக்கையிழந்திருந்த ஆயிரக்கணக்கான இளைஞர்கள் மாண்டார்கள். அதை அடக்கியதோடு பலர் அமைதியடைந்தார்கள். ஆனால் இவ்வளவு கோபம் நம் வாசலிலேயே வளர்ந்தபோது நாம் எங்கே இருந்தோம் என்று கேட்ட சிலரும் இருந்தார்கள். 1972இல் இயேசு சபைக் குருவான அருட்தந்தை போல் கஸ்பேர்ஸ் கண்டியிலே சத்தியோதய நிலையத்தைத் தொடங்கியபோது, ஆயர் லியோ அதற்குத் துணைநின்றார். சிங்களக் கிராமத்து மக்களும் தமிழ்த் தோட்டத்து மக்களும் ஒருவரையொருவர் முகம்பார்த்து அறிந்துகொள்ள வேண்டும் என்பது அந்நிலையத்தின் நோக்கங்களில் ஒன்று.

அதே 1972ஆம் ஆண்டின் இறுதியில், கண்டி மறைமாவட்டத்திலிருந்து ஊவா மாகாணம் பிரிக்கப்பட்டு, பதுளை மறைமாவட்டம் உருவாயிற்று. வாசகர்களே, இவ்விடத்தில் சற்று நிதானியுங்கள். ஒரு மறைமாவட்டம் இரண்டாகப் பிரியும்போது, இருக்கும் ஆயர் பழைய இருக்கையிலேயே தொடர்வதும், புதிய பகுதிக்குப் புதியவர் ஒருவர் அனுப்பப்படுவதும் வழமை. குடும்பத்தில் சொத்துப் பிரிக்கும்போது மூத்தவர் கல்வீட்டை எடுத்துக்கொண்டு, இளையவருக்குக் கரம்பு நிலத்தைக் கொடுப்பதைப் போன்றது அது. ஆயர் லியோவோ கல்வீட்டை விட்டுவிட்டுக் கரம்பு நிலத்தைத் தெரிந்துகொண்டார். கண்டியின் இருக்கையைத் துறந்து, புதிய, வறிய பதுளையின் முதல் ஆயராகப் புறப்பட்டார்.

அந்தக் கரம்பு நிலம் எப்படிப்பட்டது? ஊவா மாகாணத்தின் பரப்பு ஏறத்தாழ 8,500 சதுர கிலோமீற்றர். அதிலே கத்தோலிக்கர் மிகச் சிறிய தொகையினர். பெரும்பான்மையோர் பௌத்த கிராமத்தவர்கள். தோட்டங்களில் பெரும்பாலும் இந்துக்கள். கத்தோலிக்கரிலும் கணிசமானோர் தோட்டத் தொழிலாளர்கள். தமிழகத்திலிருந்து தம் முன்னோர் சுமந்துவந்த விசுவாசத்தை, தோட்டத்து மூலையில் கட்டிய சிற்றாலயங்களில் காத்துவந்தவர்கள். குருவானவர் எப்போதாவது வந்து திருப்பலி நிறைவேற்றினால் அதுவே அவர்களுக்குத் திருவிழா.

அம்மக்கள் அன்று நின்ற நிலையையும் எண்ணிப்பாருங்கள். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் இலட்சக்கணக்கானோர் நாடற்றோர் ஆக்கப்பட்டிருந்தார்கள். 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும், 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டு, எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கிவைத்தது. ஒரே லயத்தில் அண்ணன் ஒரு நாட்டுக்கும் தம்பி மறு நாட்டுக்கும் எழுதப்பட்ட காலம் அது. 1973, 1974ஆம் ஆண்டுகளில் அரிசிக்கும் மாவுக்கும் தட்டுப்பாடு வந்தபோது தோட்டங்களிலே பட்டினிச் சாவுகள் நேர்ந்தன. 1972இலும் 1975இலும் நடைமுறைக்கு வந்த காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசின் கைக்கு மாறின. சில தோட்டங்களில் தொழிலாளர்கள் இருந்த லயத்தையும் இழந்து வீதிக்கு வந்தார்கள். 1977இன் இனவன்முறை மலையகத்தையும் விட்டுவைக்கவில்லை.

இத்தகைய வேளையில், சிங்களவரான ஓர் ஆயர், பெரும் நிறுவனங்களும் பணபலமும் இல்லாத ஒரு மறைமாவட்டத்திற்குத் தாமாகவே வந்து சேர்ந்தார். அவர் கையில் கொடுப்பதற்கு என்ன இருந்தது? பிரஜாவுரிமைச் சான்றிதழ் அவர் கையில் இல்லை. அரிசி மூட்டைகளும் இல்லை. சட்டத்தை மாற்றும் வல்லமையும் இல்லை. அவர் கொடுத்த முதல் கொடை, அவர் அங்கே இருந்ததுதான்.

இதை எளிதாக எண்ணிவிடாதீர்கள். உடனிருத்தல் என்பது தலைமையின் பண்புகளுள் மிகக் கடினமானது. கொடுப்பது எளிது, கொடுத்துவிட்டுத் திரும்பிவிடலாம். பேசுவதும் எளிது; பேசியபின் மேடையிலிருந்து இறங்கி வாகனத்தில் ஏறிவிடலாம். கூட இருப்பதற்கோ, முதலில் ஒருவர் தம்மைத் தாமே அறிந்திருக்க வேண்டும். தம் மதிப்பு எதில் இருக்கிறது என்று தெரியாதவர், தம் இருக்கையை விட்டு எழவே அஞ்சுவார். எழுந்தால் தாம் ஒன்றுமில்லாதவராகிவிடுவோமோ என்ற அச்சம் அவரை நாற்காலியோடு கட்டிவைத்துவிடும்.

யோவான் நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தைத் திறந்து, ஆண்டவர் சீடரின் பாதங்களைக் கழுவிய பகுதியை நிதானமாக வாசித்துப்பாருங்கள். பாதம் கழுவும் செயலுக்கு முன்னர் நற்செய்தியாளர் ஒரு செய்தியைச் சொல்லுகிறார். தாம் இறைவனிடமிருந்து வந்தவர், இறைவனிடமே திரும்பிச் செல்பவர் என்பதை இயேசு அறிந்திருந்தார் என்பதே அச்செய்தி. அந்த அறிவுக்குப் பின்னர்தான் அவர் பந்தியிலிருந்து எழுகிறார், மேலாடையைக் கழற்றுகிறார், துண்டை இடுப்பில் கட்டிக்கொள்ளுகிறார். தாம் யார் என்பதை அறிந்திருந்தமையால், மேலாடையைக் கழற்றுவதில் அவருக்கு எந்த இழப்பும் இருக்கவில்லை. தாழ்மைக்கு முன்னே தன்னை அறிதல் நிற்கிறது. அந்தத் தெளிவு இல்லாத இடத்தில் தாழ்மையும் ஒரு நடிப்பாகிவிடுகிறது.

ஆயர் லியோவின் முடிவையும் இந்த ஒளியிலேயே விளங்கிக்கொள்ள வேண்டும். கண்டி ஆயர் என்ற பட்டம் தாம் அணிந்திருந்த ஆடை என்பதையும், தாம் அந்த ஆடை அல்லர் என்பதையும் அவர் அறிந்திருந்தார். ஆகவே அதைக் கழற்றி வைக்க முடிந்தது.

பதுளைக்கு வந்தபின் அவர் எடுத்த முயற்சிகளுள் முதன்மையானது, பண்டாரவளையிலே தொடங்கிய சேவக செவன என்னும் உருவாக்க இல்லம். பணியாளருக்கு நிழல் தரும் இடம் என்பது அப்பெயரின் பொருள். மதில்களுக்குள்ளே நூல்களைக் கற்றுப் பின்னர் மக்களிடம் அனுப்பப்படும் முறைக்கு மாறாக, கிராமத்து மக்களோடும் தோட்டத்து மக்களோடும் வாழ்ந்து, அந்த வாழ்வையே பாடமாக்கித் திரும்பிவந்து சிந்திக்கும் முறையை அவர் விரும்பினார். லயத்தின் புகையையும், சேனைப் பயிர் காய்ந்த கிராமத்தின் பசியையும் அறியாதவர் அம்மக்களுக்கு மேய்ப்பராக முடியாது என்பது அவருடைய உறுதி. ஆடுகளைப் பெயர்சொல்லி அழைக்கும் மேய்ப்பரைப் பற்றி யோவான் 10ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் கூறியதை, அவர் பயிற்சித் திட்டமாகவே ஆக்கிவிட்டார் எனலாம்.

இம்முயற்சியைத் திருச்சபைக்குள் எல்லோரும் வரவேற்றார்கள் என்று சொல்ல முடியாது. பழகிய வழியை விட்டு விலகும் எவரும் சந்தேகப் பார்வைகளைச் சந்திக்கவே வேண்டும். அவரும் சந்தித்தார்.

அந்த இல்லத்தில் அவரோடு தோள்கொடுத்தவர்களுள் அமலமரித் தியாகிகள் சபைக் குருவான அருட்தந்தை மைக்கல் ரொட்ரிகோ ஒருவர். இரண்டு கலாநிதிப் பட்டங்கள் பெற்றவர். அம்பிட்டியக் குருமடத்தில் பல ஆண்டுகள் கற்பித்தவர். ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் புகழோடு இருந்திருக்கக்கூடிய அவர், பண்டாரவளைக்கு வந்தார். 1980இல் அங்கிருந்தும் இறங்கி, மொனராகலை மாவட்டத்தின் புத்தல பகுதியிலுள்ள அலுக்கலவித்த என்ற பௌத்த கிராமத்திற்குச் சென்று, சுப செத் கெதர என்னும் சிறிய இல்லத்தில் அம்மக்களோடு வாழ்ந்தார். எவரையும் மதம் மாற்றுவதற்காக அவர் செல்லவில்லை. அவர்களுடைய வறுமையிலும் போராட்டத்திலும் பங்குகொள்ளவே சென்றார். 1987 நவம்பர் 10ஆம் திகதி, அந்த இல்லத்தில் திருப்பலி வேளையில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

ஆயர் லியோ அந்த நாளைக் காணவில்லை. 1982ஆம் ஆண்டிலேயே அவர் காலமாகிவிட்டார். அடுத்த ஆண்டு, 1983 ஜூலையில், அவர் பணியாற்றிய பதுளை நகரத்திலேயே தமிழரின் கடைகளும் வீடுகளும் எரிந்தன. நாடற்றோர் பிரச்சினை முற்றாகத் தீர்வதற்கு 2003ஆம் ஆண்டின் சட்டம்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இப்போது, அன்பு வாசகர்களே, நீங்கள் ஒரு கேள்வியைக் கேட்கக்கூடும். நேர்மையான கேள்வி அது. அவர் இறங்கி வந்ததால் என்ன மாறிற்று? லயங்கள் லயங்களாகவே இருந்தன. பசி தீரவில்லை. வன்முறை நிற்கவில்லை. கண்டியிலேயே இருந்து, அந்தச் செல்வாக்கைப் பயன்படுத்தி, கொழும்பிலுள்ளோரிடம் பேசியிருந்தால் இதைவிட அதிகமாகச் சாதித்திருக்கலாமே?

இக்கேள்வியை எளிதாகத் தள்ளிவிடக்கூடாது. செல்வாக்குக்கும் அதற்குரிய பயன் உண்டு. மேலிடத்தில் இருந்துகொண்டே ஏழைகளுக்காக உழைத்த நல்லோர் பலர் இருக்கிறார்கள். ஆயினும் ஒன்றைச் சிந்தியுங்கள். அன்றைய தோட்ட மக்களைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். டில்லியில் பேசினார்கள், கொழும்பில் பேசினார்கள். இத்தனை இலட்சம் உமக்கு, இத்தனை இலட்சம் எமக்கு என்று எண்ணிக்கையாகப் பேசினார்கள். எண்ணிக்கையாகப் பார்ப்பதற்கு உயரம் வசதியானது. மேட்டிலிருந்து பார்த்தால் கூடைகள் தெரியும். கூடை சுமப்பவளின் முகம் தெரியாது. முகத்தைப் பார்க்க வேண்டுமானால் நிரைக்குள் இறங்கித்தான் ஆகவேண்டும். எண்ணிக்கைகளாக்கப்பட்ட மக்கள் நடுவே, முகங்களைத் தேடி ஒரு தலைவர் வந்ததே ஒரு நற்செய்தி. அதன் விளைவை உடனே அளக்க முடியாது. பெத்லகேமில் பிறந்த குழந்தையும் உரோமை அரசின் குடிக்கணக்கை நிறுத்திவிடவில்லை. அந்தக் கணக்குக்குள் தாமும் ஒருவராக வந்து பிறந்தார். நம் மீட்பு அங்கேதான் தொடங்கியது.

மேலும், உடனிருக்கும் தலைமை தன்னைப்போன்ற பிறரைப் பெற்றெடுக்கிறது. இறங்கிச் செல்ல ஒருவர் துணிந்தால், அவரைக் கண்டு இன்னொருவர் மேலும் ஒரு படி இறங்குகிறார். கண்டியிலிருந்து பதுளைக்கு ஆயர் வந்தார்; பண்டாரவளையிலிருந்து புத்தலவின் வறண்ட கிராமத்திற்குக் குரு சென்றார். ஆணையிட்டு இதைச் செய்விக்க முடியாது. முன்னே நடப்பவரின் கால்தடமே இங்கு ஆணையாகிறது.

இனி நம்மை நோக்குவோம். நீங்கள் ஆயராக இல்லாதிருக்கலாம். ஆனால் உங்களில் பலர் ஏதோ ஒரு விதத்தில் தலைமை தாங்குகிறீர்கள். பங்கு அருட்பணிச் சபையிலோ, பாடசாலை அதிபராகவோ, தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவராகவோ, மாதர் சங்கத்திலோ, அல்லது ஒரு குடும்பத்தின் தாயாக, தந்தையாக, மூத்த பிள்ளையாகவோ இருக்கலாம். உங்களுக்கென்றும் ஒரு கண்டி இருக்கிறது. வசதியும் மதிப்பும் பழக்கமும் சேர்ந்த ஓர் இடம். உங்களுக்கென்றும் ஒரு பதுளை இருக்கிறது. நீங்கள் போகாமலிருந்தாலும் எவரும் கேள்விகேட்காத, ஆனால் உங்களுடைய வருகைக்காக யாரோ காத்திருக்கிற ஓர் இடம்.

அது, கூட்டங்களில் வாய்திறக்காமல் பின்வரிசையில் அமரும் ஒருவராக இருக்கலாம். பரீட்சையில் தவறி, வீட்டில் முகங்கொடுத்துப் பேசாமலிருக்கும் மகனாக இருக்கலாம். பிள்ளைகள் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் சென்றபின் லயத்தில் தனித்திருக்கும் முதியவராக இருக்கலாம். அவர்களுக்குப் பணம் அனுப்புவது நல்லது. அறிவுரை கூறுவதும் சில வேளை தேவையானது. ஆனால் நீங்கள் சென்று அவர்கள் அருகில் அமர்வதற்கு ஈடாக வேறொன்றை அனுப்பிவைக்க முடியாது.

செல்வதற்கு முன்னர் உங்களை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். நான் எதை என் மதிப்பு என்று பற்றிக்கொண்டிருக்கிறேன்? என் பதவி நாளைக்குப் போய்விட்டால் நான் யார்? நான் உதவச் செல்வது அவர்களுக்காகவா, அல்லது உதவுகிறவன் என்ற பெயருக்காகவா? இவற்றை இறைவன் முன்னிலையில் கேட்பவர், தம் குறையையும் அறிந்துகொள்வார். தாம் இறைவனின் பிள்ளை என்ற அழியாத மதிப்பையும் அறிந்துகொள்வார். பிலிப்பியர் இரண்டாம் அதிகாரத்தில் திருத்தூதர் பவுல் விவரிக்கும் தாழ்மையின் பாதை, அந்த மதிப்பை அறிந்தவருக்கே திறக்கிறது.

இவ்வாரத்தில் ஒரு நாளை, ஒரு மணி நேரத்தையேனும், உங்கள் பதுளைக்காக ஒதுக்கிவையுங்கள். கொண்டுபோவதற்கு ஒன்றும் இல்லையே என்று தயங்காதீர்கள். நீங்களே போவது போதும்.

செபிப்போம்: உன்னதத்தை விட்டிறங்கி எங்கள் நடுவே குடிகொண்ட ஆண்டவரே, எங்கள் இருக்கைகளை நாங்கள் எங்கள் உயிராக எண்ணியிருந்தால் எங்களுக்குத் தெளிவைத் தாரும். நாங்கள் யாருடையவர்கள் என்பதை எங்களுக்கு உணர்த்தியருளும். எங்களிடம் ஒப்படைக்கப்பட்டவர்களை எண்ணிக்கையாகக் காணாமல், முகம் முகமாகக் கண்டு, அவர்களருகே தங்கியிருக்கும் பொறுமையைத் தந்தருளும். ஆமென்.